மூட்டையிலிருந்து ஏறிய சீனி

என் வீட்டுக்காரருக்கு நாற்காலி கிடைத்தபோது நாங்கள் இரண்டு பெண் குழந்தைகளோடு போர்ட் பிளேருக்கு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அறுபதுகளின் கடைசிப் பக்கம். அதுவரை அவர் கப்பல் நிற்கும் ஜெட்டியில் மூட்டை இறக்கும் மஜ்தூர். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்தால் அரிசி, பருப்பு, கோதுமை, சீனி, சிமெண்ட் எல்லாம் மனுஷர் முதுகில் ஏறித்தான் குடோனுக்குப் போகும். ஒரு மழை நாளில் பலகை வழுக்கி மூட்டையோடு விழுந்ததில் அவருக்கு இடுப்பு பிசகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போனவரால் குனிய முடியவில்லை. அவர்கள் கூட்டத்தை மேய்த்த மேட் ஒரு தெலுங்குக்காரர், நல்ல மனுஷர். யாரிடமோ பேசி சீனி குடோன் வாசலில் பகல் காவலுக்குப் போட்டுவிட்டார். காலையில் கதவைத் திறக்க வேண்டும், சாயங்காலம் மூட வேண்டும், நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு மடக்கு நாற்காலியும் கொடுத்தார்கள்.

எனக்கு அது பெரிய சந்தோஷம். எங்கள் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். மழை வந்தால் சோறு, வராவிட்டால் கஞ்சி. கன்னம் உப்பின ஆம்பளை என்று எங்க ஊரில் நான் இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். ஒருவர் ரைஸ்மில்காரர், இன்னொருவர் ரைஸ்மில்காரரின் மச்சினர். நாற்காலியில் உட்கார்ந்த ஒன்றரை வருஷத்தில் என் வீட்டுக்காரருக்கும் கன்னம் வந்தது, தொந்தி வந்தது. சட்டைப் பொத்தானை நான் இரண்டு தடவை தள்ளித் தைத்தேன். அபர்தீன் பஜாரில் போட்டோ எடுத்து மாமியாருக்கு அனுப்பினோம். எழுதத் தெரிந்த யாரிடமோ சொல்லி அவர் பதில் போட்டிருந்தார்: 'என் மகனை நல்லபடியாக வைத்திருக்கிறாய்.' கல்யாணமாகி அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அந்தக் கடிதத்தை ரொம்ப நாள் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். பிறகு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

சாப்பாடு என்று பார்த்தால் நாங்கள் ஒன்றும் பிரமாதமாகச் சாப்பிடவில்லை. ரேஷன் அரிசி, பருப்பு, மீன். கப்பல் தாமதமானால் கருவாடும் பூசணிக்காயும். கறவை மாடு வைத்திருப்பவர்கள் குறைவு என்பதால் டீக்கு டப்பாப் பால்தான், அதிலேயே இனிப்பு இருக்கும், அதற்கு மேல் சீனியும் போடுவோம். மூட்டை தூக்குகிற காலத்தில் அவர் நாளைக்கு ஆறு, ஏழு டீ குடிப்பார். அதுதான் நடுநடுவே பசிக்கு. காவல் வேலைக்கு வந்த பிறகும் கூட்டத்தோடு சேர்த்து அவருக்கும் டீ வந்துகொண்டுதான் இருந்தது. சோறும் அப்படித்தான். மூட்டை தூக்கினவருக்குப் போட்ட அதே அளவைத்தான் உட்கார்ந்திருக்கிறவருக்கும் போட்டேன். குறைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? நல்ல நிலைமைக்கு வந்த மனுஷனுக்குச் சோற்றைக் குறைப்பார்களா?

ஒரு நாள் குடோன் வாசலில் கிடந்த உடைந்த பெட்டிப் பலகையை மிதித்துவிட்டார். ஆணி, செருப்பையும் தாண்டி வலது கால் பெருவிரலுக்கு அடியில் ஏறிவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டினேன். பத்து நாளில் ஆறவேண்டிய புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. அதைவிட எனக்குப் புரியாதது, அவருக்கு அது வலிக்கவே இல்லை. "வலியே இல்ல புள்ள, பிறகென்ன?" என்பார். வலிக்காத புண் நல்ல புண் என்றுதான் நானும் நினைத்தேன். வாடை வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த டாக்டர் இளவயசு வங்காளி. காலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கால் இருக்க, மூத்திரம் பிடித்து வரச் சொன்னார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "கால்லதானே ஆணி குத்துச்சு?" என்றார் மெதுவாக. ஹிந்தி சரியாகப் புரியவில்லையோ என்று நான் மறுபடியும் கேட்டேன். டாக்டர் அதையேதான் சொன்னார்.

பக்கத்து மேஜையில் ஒரு மலையாளி சிஸ்டர் கண்ணாடிக் குழாயில் நீல நிறத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி, அதில் மூத்திரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்ல நீலம். முதலில் பச்சையானது. பச்சை மஞ்சளானது. கடைசியில் செங்கல்லைக் கரைத்து ஊற்றியதுபோல் ஆகிவிட்டது. சிஸ்டர் குழாயைத் தூக்கி டாக்டரிடம் காட்ட, அவர் தலையை ஆட்டி, "பேஷாப் மே சீனி" என்றார்.

மூத்திரத்தில் சீனி. எங்க ஊர்த் தமிழிலும் சீனிதான், ஹிந்தியிலும் சீனிதான். அதனால் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஆனால் அர்த்தம் தெரிந்தும் விஷயம் தெரியவில்லை.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஹிந்தியில் என்னென்னவோ சொன்னார். நான் விழிப்பதைப் பார்த்து, தமிழ் தெரிந்தவர் என்று சிஸ்டரைக் கூப்பிட்டார். அவருக்குத் தெரிந்த தமிழ் முக்கால்வாசி மலையாளம். சிரித்த முகமாகச் சொன்னார்: "மதுரம் ஒண்ணும் வேண்டா. சோறு கொறச்சு கழிச்சா மதி கேட்டோ. தெனம் நடக்கணும்."

மதி என்றால் போதும் என்று எனக்குத் தெரியும், மீன் விற்கிற மலையாளத்து அம்மாள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இனிப்பு வேண்டாம், சரி. சோற்றில் கொஞ்சம் கழித்தால் போதும், அதுவும் சரி. மனசு லேசாகிவிட்டது. கொஞ்சம்தானே கழிக்கச் சொல்கிறார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் ஜங்லிகாட் இறக்கத்தில் நின்றுவிட்டார்.

"இது பணக்காரங்களுக்கு வர்ற வியாதியில்ல?" என்றார். "நம்ம ரைஸ்மில்காரருக்கு இருந்துச்சுன்னு சொல்லுவாங்க."

"அப்படித்தாங்க கேள்விப்பட்டிருக்கேன்."

"நமக்கு எப்படி வந்துச்சு?"

கொஞ்ச தூரம் போய் அவரே சொன்னார். "எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எட்டு வருஷமா சீனி மூட்டை சுமந்திருக்கேன். சாக்கு கிழிஞ்சு கொட்டும். வேர்வையில கரைஞ்சு முதுகெல்லாம் ஒட்டும். சட்டையில எறும்பு மொய்ச்சுட்டு வர்றதை நீயே பாத்திருக்கல்ல? அப்படியே தோல் வழியா இறங்கியிருக்கு. இப்ப அந்தக் குடோன் வாசல்லயே உக்காந்து அந்தக் காத்தையே குடிக்கிறேன்."

இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. அவர் சட்டையை வெளியே உதறிவிட்டுத்தான் நான் துவைக்கப் போடுவேன், அவ்வளவு எறும்பு இருக்கும். டாக்டர் சொன்னதைவிட இவர் சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது.

மறுநாளே மேட்டிடம் போய், சீனி குடோன் வேண்டாம், வேறு எங்கேயாவது போடுங்கள் என்று கேட்டிருக்கிறார். மேட் முதலில் சிரித்து, பிறகு இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, சிமெண்ட் குடோனுக்கு மாற்றிவிட்டார். சீனியிடமிருந்து தப்பித்துவிட்டதாக அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. சிமெண்ட் தூசியில் இருமிக்கொண்டே வீட்டுக்கு வருவார். "இருமல்தானே, பரவாயில்ல" என்பார்.

நான் சிஸ்டர் சொன்னபடி நடந்தேன். சோற்றைத் தட்டில் எப்போதும்போல் குவித்துப் போட்டு, அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துவிடுவேன். கழித்துவிட்டேன். எடுத்ததை வீணாக்க முடியுமா? என் தட்டில் போட்டுக்கொள்வேன். டீயில் சீனி போடுவதை நிறுத்தினேன். டப்பாப் பாலை நிறுத்தவில்லை. பால் எப்படி இனிப்புப் பண்டமாகும்? பால் பால்தானே. நல்லது என்றுதானே கைக்குழந்தைகளுக்குக்கூடக் கரைத்துக் கொடுக்கிறார்கள்.

டாக்டர் ஒரு சீட்டும் கொடுத்திருந்தார். எதிர் வீட்டு வங்காளி அக்காவை நான் தீதி என்று கூப்பிடுவேன், அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். அவர் வீட்டுக்காரர் சாத்தம் மர மில்லில் வேலை. தீதி ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். பச்சைக் காய்கறிகள், முட்டை, ஆடை எடுத்த பால், ஆப்பிள் பாதி. ஆப்பிளுக்கு வந்ததும் நாங்கள் இரண்டு பேருமே நிமிர்ந்து பார்த்துக்கொண்டோம். அந்த மாதம் கப்பல் வரவே இல்லை, கடலில் ஏதோ கோளாறு. கடையில் வெங்காயம்கூட இல்லை. தீதி சீட்டை மடித்து என் கையில் கொடுத்து, "இதை மெயின்லேண்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்" என்றார் ஹிந்தியில். சோற்றுக்குப் பதில் ரொட்டி நல்லது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மாவு பிசைந்து தேய்க்கக் கற்றுக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் முதல் ரொட்டியைப் பிய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "சாக்குத் துணி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, இரண்டு ரொட்டியும் தின்றார். பிறகு சோறு எங்கே என்று கேட்டார். நானும் போட்டேன், கைப்பிடி கழித்து.

நடக்கச் சொன்னதுதான் அவருக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. வேலை இல்லாமல், சுமை இல்லாமல், எங்கே போகிறோம் என்றும் இல்லாமல் ஒரு மனுஷன் எப்படி நடப்பான்? இரண்டு நாள் போனார். எதிரில் வந்தவர்களெல்லாம், "எங்க போறீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். "சும்மா" என்று சொல்ல வாய் வரவில்லையாம். மூன்றாம் நாள் போகவில்லை.

இப்படியே மூன்று மாதம். புண் சுருங்கினமாதிரி இருந்தது. மாத்திரையும் தீர்ந்தது, இனி எதற்கு என்று விட்டுவிட்டார். பிறகு ஒரு நாள் காலையில் செருப்புப் போட உட்கார்ந்தவர், "இங்க வந்து பாரு புள்ள" என்று கூப்பிட்டார். பெருவிரல் கறுத்திருந்தது. நகம் மட்டுமில்லை, விரலே. தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. அப்போதும் அவருக்கு வலியில்லை.

அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விரலை எடுத்தே ஆக வேண்டும், விட்டால் பாதம் போகும் என்றார்கள். எடுத்த பிறகு இரண்டாம் நாள் அந்த இளவயசு டாக்டர் வந்து கட்டிலோரமாக நின்று கேட்டார், உங்கள் அப்பா அம்மாவுக்கு இந்த வியாதி உண்டா என்று. நான்தான் இடையில் நின்று தமிழில் சொன்னேன்.

"எங்கம்மா நல்லாருக்கு" என்றார் இவர்.

"அப்பா?"

"ரங்கூன்ல அரிசி மில்லுல வேலை பாத்தாரு. அங்கயே செத்துட்டாரு. எனக்கு எட்டு வயசு."

"என்ன வியாதி?"

"கால்ல புண்ணு. புரையோடிப் போச்சுன்னு கடுதாசி வந்துச்சு."

நான் அதை ஹிந்தியில் சொன்னதும் டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே ஏதோ எழுதினார். இது குடும்பத்தில் வரும், அவருக்கும் சீனி இருந்திருக்கலாம் என்றார். நான் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கத்திவிட்டார். "எங்கப்பனைப் பாத்திருக்கானா இவன்? எங்கப்பன் என்னத்தைத் தின்னாரு? செத்தவர் மேல வியாதியைப் போடுறானே!" பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டருக்கு வார்த்தை புரியாவிட்டாலும் கோபம் புரிந்தது. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்தக் கோபத்துக்கு வேறு காரணம் இருந்தது. மாமனார் செத்தது செய்வினையால் என்றுதான் அவர்கள் வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். கூடவே ரங்கூன் போன பங்காளி ஒருவர்தான் வைத்துவிட்டார் என்று மாமியார் சாதித்தார். அந்தப் பங்காளி வீட்டோடு முப்பது வருஷமாகப் பேச்சு இல்லை, நல்லது கெட்டதுக்குப் போவதில்லை. என் கல்யாணத்துக்கு அவர்கள் வாசல்வரை வந்து, உள்ளே கூப்பிடாததால் நின்று திரும்பிப் போனதை நானே பார்த்தேன். டாக்டர் சொன்னது நிஜமென்றால் அந்தக் குடும்பம் ஒரு தப்பும் செய்யவில்லை.

கோபம் ஆறிய பிறகு அவர் என்னிடம் கேட்டார், "அப்ப அவங்க வைக்கலையா?"

"எனக்கு என்னங்க தெரியும்?"

"சீனியா இருந்தா, எங்கப்பா எந்த மூட்டை சுமந்தாரு? அரிசி மில்லுல்ல?"

பிறகு அவர் அம்மாவுக்குக் கடிதம் போடச் சொன்னார், போட்டேன். மாமியாரிடமிருந்து பதில் வந்தது: 'டாக்டர் ஆயிரம் சொல்லுவான். வைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.'

ஆஸ்பத்திரிக்கு நான் தினமும் மத்தியானம் தூக்குவாளியில் சோறு கொண்டு போவேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அந்த மலையாளி சிஸ்டர் அந்த வார்டுக்கு வந்தார். நான் சோற்றைத் தட்டில் கொட்டி, வழக்கம்போல் ஒரு கைப்பிடியை எடுத்து மூடியில் வைத்தேன். சிஸ்டர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது எந்தா?"

"சோறு சிஸ்டர். நீங்க சொன்ன மாதிரி கழிச்சுட்டேன்." மூடியைக் காட்டினேன்.

அவர் மூடியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். தட்டைக் காட்டி, "இத்ரயும் ஆளு கழிக்குமோ?" என்றார்.

"இல்ல சிஸ்டர், இதைத்தான் கழிச்சேன்." மறுபடியும் மூடியைக் காட்டினேன்.

இரண்டு பேரும் மாற்றி மாற்றி இதையே சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் சிஸ்டர் கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவதுபோல் செய்து காட்டி, "கழிக்க, கழிக்க" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவங்க பாஷையில் கழிப்பது என்றால் சாப்பிடுவது. கொறச்சு என்றால் கொஞ்சம். கொஞ்சமாகச் சாப்பிட்டால் போதும் என்று அவர் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் எடுத்துவிட்டால் போதும் என்று நான் கேட்டிருக்கிறேன். மூடியில் இருக்கும் அளவைத்தான் என் வீட்டுக்காரர் சாப்பிட்டிருக்க வேண்டும். தட்டில் இருந்ததை நான் கழித்திருக்க வேண்டும்.

நான் அழுதேன். சிஸ்டருக்கும் கண் கலங்கிவிட்டது. தப்பு தன்னுடையதுதான் என்று அவர் சொல்ல, என்னுடையது என்று நான் சொல்ல, என் வீட்டுக்காரர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப நான் திங்கவா வேண்டாமா?" என்றார். அன்றைக்கு அவர் எதைச் சாப்பிட்டார் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

என்னால்தான் விரல் போனதா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லும்படி சிஸ்டரைக் கெஞ்சினேன். மாத்திரையை நிறுத்தியது பெரிய தப்பு என்றாராம். புண்ணை லேட்டாகக் காட்டியது தப்பு என்றாராம். இவர் குடிக்கிற பீடியும் கெடுதல் என்றாராம். உடம்பு போட்டதும், அப்பாவுக்கு இருந்ததும்கூடக் காரணம் என்றாராம். அப்படியானால் எதுதான் காரணம் என்றேன். எல்லாம்தான் என்றார் சிஸ்டர். எல்லாம் என்றால் நான் எதைப் பிடித்துக்கொண்டு அழுவது?

என் வீட்டுக்காரரோடு எட்டு வருஷம் ஒன்றாக மூட்டை தூக்கிய ஒருவர் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். இவரை அண்ணாச்சி என்றும் என்னை மைனி என்றும் கூப்பிடுவார். இவருக்கு விரல் எடுத்த செய்தி கேட்டதிலிருந்து அவருக்கு நடுக்கம் பிடித்துவிட்டது.

"நானும் அதே சீனி மூட்டைதான சுமந்தேன் மைனி. அதே டீதான் குடிச்சேன். அண்ணாச்சி பீடி மட்டும்தான், நான் சாராயமும் குடிக்கேன். எனக்கும் இருக்கும். கண்டிப்பா இருக்கும்."

தனியாகப் போகப் பயந்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூட வந்தார். சிஸ்டர் குழாயை விளக்கில் காட்டினார். காட்டிக்கொண்டே இருந்தார். நீலம் நீலமாகவே கொதித்தது. ஒன்றுமில்லை என்றார். அவர் நம்பாமல் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். இரண்டாவது தடவையும் நீலம்தான்.

அந்த ஆள் சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்ற வைத்தார். "எனக்கு ஏன் இல்ல மைனி?" என்றார். ஏதோ அவருக்கு வர வேண்டியது இவருக்குப் போய்விட்டதுபோல் இருந்தது அவர் முகம். பிறகு அவர் கப்பலேறி ஹட் பே என்ற ஊருக்கு எண்ணெய்ப்பனைத் தோட்டத்து வேலைக்குப் போனார். ரொம்ப காலம் நன்றாகவே இருந்தார் என்று கேள்வி.

அன்றைக்கே சிஸ்டர் என்னையும் விடவில்லை. "நிங்களுக்கும் ஒண்ணு நோக்காம்" என்றார். எனக்கு எதற்கு, நான் ஒல்லிதானே என்றேன். ஒல்லியாக இருந்தது எப்போது? மூன்று மாதமாக அவர் தட்டிலிருந்து கழித்ததெல்லாம் என் தட்டுக்குத்தான் வந்தது. ரவிக்கை பிடிப்பதை நான் கவனிக்காமல் இல்லை. என் குழாய் நீலமாகவும் நிற்கவில்லை, செங்கல் நிறத்துக்கும் போகவில்லை. பச்சையில் நின்றுவிட்டது.

"இருக்கா, இல்லையா?" என்று கேட்டேன்.

"இப்போ இல்லா. பக்ஷே வரும், வராதிருக்கும்" என்றார் சிஸ்டர். வரலாம், வராமலும் இருக்கலாம். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வியாதிக்காரி என்று சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கு இரண்டு அகப்பை சோறு, இரண்டு ரொட்டி, கீரை என்று ஆனது. தட்டைப் பார்த்துவிட்டு முதல் நாள் அவர், "விருந்தாளிக்கா?" என்றார். எங்கள் லைன் வீடுகளில் பேச்சு கிளம்பியது. மூன்றாவது வீட்டுத் தமிழ் அம்மாள் தண்ணீர்க் குழாயடியில் எல்லார் காதிலும் விழும்படி, "சம்பாதிக்கிற ஆம்பளைக்குச் சோத்தை அளந்து போடுறா. கால் போனவனை வயித்துலயும் அடிக்கிறா" என்றார். தீதி எனக்காகச் சண்டைக்குப் போனார். அவர் வங்காளத்தில் திட்ட, அந்த அம்மாள் தமிழில் திட்ட, யாருக்கும் யார் சொல்வதும் புரியவில்லை. நான் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அந்த அம்மாள் சொன்னதில் தப்பில்லை என்றுதான் எனக்கே தோன்றியது. பசியோடு எழுந்து போகிற புருஷனைப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கு மனசு வரும்?

நடப்பதற்கு மட்டும் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சிப்பிகாட் பக்கத்திலிருந்து காய்கறி லாரி வந்து நிற்கும் இடம் எங்கள் வீட்டிலிருந்து நல்ல தூரம். கையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு அங்கே போவார். யாராவது கேட்டால், "கீரை வாங்கப் போறேன்" என்பார். கீரை வாங்கப் போகிறவனை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. பெருவிரல் இல்லாததால் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பார். லாரி வராத நாளிலும் பையோடு போய் வெறும் பையோடு திரும்புவார்.

உடம்பு வற்றியது. டாக்டர் பாராட்டினார். அடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு மாமியார், என் மகனை என்ன செய்தாய் என்று எழுதினார்.

அதன் பிறகு அவர் ஒன்பது வருஷம் இருந்தார். மாத்திரை விடவில்லை. கண் கொஞ்சம் மங்கியது, சாவித் துவாரத்தைத் தடவித்தான் பூட்டுவார். ஆனால் வேலையை விடவில்லை. இரண்டு பெண்களுக்கும் கல்யாணம் முடித்தார். சின்னவள் தலைப் பிரசவத்துக்கு வந்திருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல சூரை மீன் கிடைத்தது. புளி ஊற்றிக் குழம்பு வைத்தேன். இரண்டு அகப்பை சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் ஒண்ணு போடேன்" என்றார்.

ஒன்பது வருஷத்தில் கேட்டதில்லை. போட்டேன். குழம்பும் ஊற்றினேன். தட்டை வழித்துச் சாப்பிட்டார். மறு வாரம் குடோன் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

அப்போது இருந்த டாக்டர் தமிழ்க்காரர், பாஷைப் பிரச்சினை இல்லை. அவரிடம் கேட்டேன், அந்த ஒரு அகப்பைச் சோற்றினாலா என்று.

"அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார்.

"அப்ப அதனால இல்லையா?"

"அப்படியும் சொல்ல முடியாது" என்றார்.

வெளியே பெண்கள் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று பெரியவள் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தோம்.